அலெக்சாண்டிரியா: முக்கியக் குறிப்புகள்

உலக வரலாறு, புவியியல், பண்டைத் தமிழகத்தின் கடல் வணிகம் என மூன்று பாடங்களிலும் தலைகாட்டும் ஊர் இது. ஆண்டுகளை மட்டும் உருப்போட்டால் தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊர் ஏன் அந்த இடத்தில் எழுந்தது, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்தக் காற்றை நம்பிக் கப்பல் விட்டார்கள் என்று முதலில் பிடித்துக்கொண்டால் வரலாற்றில் பாதி தானாக மனதில் நிற்கும். அதனால் வழக்கத்தை மாற்றி, மன்னர்களைப் பின்னால் வைத்துக்கொள்வோம்.

இருப்பிடம்

• நாடு எகிப்து. ஏறத்தாழ 31°12' வட அட்சம், 29°55' கிழக்குத் தீர்க்கம். கெய்ரோவுக்கு அடுத்த பெரிய நகரம். நாட்டின் முதன்மைத் துறைமுகம். மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் மேல்.

• வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே மரியூத் ஏரி (பழைய பெயர் மரியோட்டிஸ்). இரண்டுக்கும் நடுவே ஓடும் சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல்தான் நகரம். அதனால் ஊர் அகலமாக வளரவில்லை, கடற்கரையோடு நீண்டுகொண்டே போனது.

• நைலின் முகத்துவாரத்திலேயே துறைமுகம் கட்டாமல் டெல்டாவின் மேற்கு ஓரத்துக்கு ஏன் போனார்கள்? எகிப்தியக் கரையோரத்தில் கடல் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. நைல் கொண்டுவந்து கொட்டும் வண்டல் முழுவதையும் அது கிழக்கே இழுத்துச் செல்லும். முகத்துவாரங்களுக்குக் கிழக்கே அமைந்த துறை தூர்ந்துபோகும்; மேற்கே அமைந்த துறை பிழைக்கும். 2,300 ஆண்டுகளாக இந்த ஊர் துறைமுகமாகவே நீடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. இடத்தேர்வு பற்றிய விரிவான விடையில் இதை எழுதாமல் அலெக்சாண்டரின் கனவு, தொலைநோக்கு என்று பக்கத்தை நிரப்புவது வீண்.

• கரைக்கு எதிரே ஃபாரோஸ் என்ற சிறு தீவு. அதையும் கரையையும் இணைத்து ஹெப்டாஸ்டேடியன் என்ற கல்பாலம் கட்டப்பட்டது. 7 ஸ்டேடியா நீளம், அதாவது 1 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தப் பாலம் கடலை இரண்டாகப் பிரித்தது: கிழக்கே பெருந்துறை, மேற்கே யூனோஸ்டோஸ் துறை. பாலத்தின் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து இன்று அது அகன்ற நிலமாகிவிட்டது. அதன் மேல் கடைத்தெருவும் குடியிருப்பும் இருக்கின்றன. ஃபாரோஸ் இப்போது தீவு அல்ல.

• மூன்றாவதாக ஒரு துறையும் உண்டு, பலர் விட்டுவிடுவது: தெற்கே மரியோட்டிஸ் ஏரித்துறை. எகிப்தின் உள்நாட்டுச் சரக்கு நைலிலிருந்து கால்வாய் வழியாக இங்கேதான் வந்து இறங்கும். கடல்துறையைவிட ஏரித்துறையில் வரும் சரக்கு அதிகம் என்று எழுதியவர் ஸ்டிராபோ.

தண்ணீர்

• நகரத்துக்குச் சொந்த ஆறு கிடையாது. நைலின் மேற்குக் கோடிக் கிளையான கனோப்பிக் கிளையிலிருந்து கால்வாய் வெட்டி, வெள்ளக் காலத்தில் வரும் நீரை நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பி, வண்டல் அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மேலிருந்து இறைத்துக் குடித்தார்கள். தெருக்களுக்கு அடியில் தூண்களும் வளைவுகளுமாகப் பல அடுக்குத் தொட்டிகள். அவற்றில் எல்-நபீ தொட்டி இன்றும் உள்ளே இறங்கிப் பார்க்கக்கூடியதாக இருக்கிறது.

• கி.மு. 48–47 அலெக்சாண்டிரியப் போரில் இந்த அமைப்பே ஆயுதமானது. அரண்மனைப் பகுதியில் ஜூலியஸ் சீசர் முற்றுகையில் சிக்கியிருந்தார். எதிர்த்தரப்பை நடத்திய கானிமிடீஸ், நகரின் மற்றப் பகுதிகளுக்குப் போகும் வழிகளை அடைத்துவிட்டு, சீசரின் பகுதிக்குச் செல்லும் நீர்வழியில் இயந்திரங்களால் கடல்நீரை ஏற்றினார். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றில் தண்ணீர் உப்புக் கரித்தது, மற்றொன்றில் கரிக்கவில்லை, வீரர்கள் மிரண்டுபோனார்கள். கடற்கரை என்றால் ஊற்று இருக்கும் என்று சொல்லி சீசர் இரவோடு இரவாகக் கிணறு தோண்டவைத்தார். நல்ல தண்ணீர் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் மேட்டின் நிலத்தடி நீரைப் பற்றி இதைவிட நல்ல பாடம் புத்தகத்தில் இல்லை.

• கனோப்பிக் கிளை காலப்போக்கில் தூர்ந்து மறைந்தது. கால்வாயும் பராமரிப்பின்றிப் போனது. நகரம் தேய்ந்ததும் அதோடுதான். 1798-ல் நெப்போலியன் வந்திறங்கியபோது அங்கே இருந்தவர்கள் சில ஆயிரம் பேரே.

• முகமது அலி பாஷா 1817–1820-ல் வெட்டிய மஹ்மூதியா கால்வாய் நைலின் ரொசெட்டா கிளையை மீண்டும் நகரத்தோடு இணைத்தது. கட்டாய உழைப்பில் வெட்டப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரத்தின் மறுபிறப்பு இங்கிருந்து தொடங்குகிறது. கால்வாய் தூர்ந்ததும் வீழ்ச்சி, கால்வாய் வந்ததும் எழுச்சி. இந்த வரிசை பிடிபட்டால் 1798-க்கும் 1820-க்கும் உள்ள தொடர்பு மறக்காது.

காலநிலை

• மத்தியதரைக் கடலோர ஊர் என்பதால் 'மத்தியதரைக்கடல் காலநிலை' என்று குறித்துவிடுவோரே அதிகம். கோப்பன் வகைப்பாட்டில் இது வறண்ட காலநிலைப் பிரிவில் வருகிறது: வெப்பப் பாலைவன வகையும் வெப்பப் புல்வெளி வகையும் சந்திக்கும் எல்லையில். மழை பெய்யும் பருவம் மத்தியதரைக்கடல் பாணிதான், அளவுதான் போதாது. ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ.

• அந்த 200 மி.மீ. கூடக் கடற்கரைக்கு மட்டுமே. உள்ளே போகப் போகச் சட்டென்று குறைந்து, கெய்ரோவில் 30 மி.மீ.க்கும் கீழே வந்துவிடுகிறது. இருந்தும் எகிப்தில் மழை அதிகம் பெறும் நகரங்களில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

• காரணம்: கோடையில் துணை வெப்பமண்டல உயர் அழுத்த மண்டலம் வடக்கே நகர்ந்து வந்து மேலே அமர்ந்துகொள்கிறது; மழைக்கு வழியில்லை. குளிர்காலத்தில் அது தெற்கே விலக, மேலைக்காற்றுகளோடு வரும் தாழ்வழுத்தங்கள் மழை தருகின்றன. டிசம்பர், ஜனவரி உச்சம். இதே மத்தியதரைப் பகுதியில் உருவாகிக் கிழக்கே நெடுந்தூரம் பயணிக்கும் தாழ்வழுத்தங்களே பஞ்சாப், ஹரியானா பகுதிகளின் கோதுமைக்குக் குளிர்கால மழை தரும் மேற்கத்திய இடையூறுகள். இந்தியப் புவியியல் பாடத்தில் படித்ததை இங்கே பொருத்திக்கொள்ளலாம்.

• வெப்பம்: ஆகஸ்டில் பகல் உச்சம் சராசரியாக 30°செ. அளவில், ஜனவரியில் 18°செ. அளவில். கோடையில் கெய்ரோ கொதிக்கும்போது மக்கள் இங்கே ஓடிவரக் காரணம் வடமேற்கிலிருந்து வீசும் எடீசியன் காற்று.

• கம்சீன்: வசந்த காலத்தில் தெற்கே பாலைவனத்திலிருந்து வீசும் சூடான புழுதிக்காற்று. தலக்காற்றுகள் பட்டியலில் எகிப்துக்கு நேராக எழுத வேண்டியது இதுவே. சிராக்கோ, மிஸ்ட்ரல், ஃபான் ஆகியவற்றோடு கலக்க வேண்டாம்.

• குளிர்காலப் புயல்களை உள்ளூரில் 'நவ்வா' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஏறக்குறைய ஒரு தேதியும் உண்டு. நவம்பர் நடுவில் 'மக்னஸா' (துடைப்பம்), டிசம்பர் தொடக்கத்தில் 'காசிம்', ஜனவரியில் 'பெரிய ஃபைதா' (பெருவெள்ளம்). மீனவர்களின் நாட்காட்டி அது. வானிலை அலுவலகம் அதற்குப் பிறகு வந்ததுதான். தேர்வில் வராமல் போகலாம், ஆனால் இவ்வளவு துல்லியமாகப் புயலுக்கு நாள் குறித்த மக்கள் 2015 அக்டோபரில் ஒரே நாள் மழைக்குத் தெருக்கள் மூழ்கித் தவித்தார்கள். வடிகால் தாங்கவில்லை, உயிர்ச்சேதம் ஏற்பட்டது, ஆளுநர் பதவி விலகினார். நகர்ப்புற வெள்ளம் பற்றிய கட்டுரைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

• கடல்மட்ட உயர்வு: வடக்கு டெல்டா தானாகவே அமிழ்ந்து வருகிறது. 1970-ல் முடிந்த அஸ்வான் உயர் அணைக்குப் பின் புதிய வண்டல் வந்து ஈடுசெய்வதும் நின்றது. கடற்கரைச் சாலையோரம் அலை தாங்கக் கான்கிரீட் கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அணையால் வெள்ளமும் பஞ்சமும் குறைந்தன. கரை அரிப்பு கூடியது. இரண்டு பக்கத்தையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.

வரலாறு

• கி.மு. 331: அலெக்சாண்டர் நிறுவினார். ஏற்கெனவே அங்கே ராக்கோடிஸ் என்ற ஊர் இருந்தது. வரைபடம் போட்டவர் டைனோகிரட்டீஸ். தெருக்கள் கட்டம் கட்டமாக. எல்லை குறிக்கச் சுண்ணாம்பு போதாமல் மாவு தூவினார்கள், பறவைகள் வந்து தின்றன, பல ஊர்களுக்குச் சோறிடும் நகரமாகும் என்று குறி சொன்னார்கள் என்பது பழைய கதை. எழுந்த நகரை அலெக்சாண்டர் கண்ணால் பார்க்கவில்லை. உடல் மட்டும் வந்து சேர்ந்தது. கல்லறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

• கி.மு. 305–30: தாலமி வம்சம். தாலமி 1 சோட்டர் தலைநகரை மெம்பிஸிலிருந்து இங்கே மாற்றினார். தாலமி 2 பிலடெல்ஃபஸ் காலத்தில், கி.மு. 280 அளவில், ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நிறைவுற்றது. பெயர் தொடர்புபடுத்தப்படும் கட்டடக் கலைஞர் நிடஸ் ஊர் சோஸ்ட்ராட்டஸ். உயரம் 100 மீட்டருக்கும் மேல்; கீழே சதுரம், நடுவே எண்கோணம், மேலே உருளை. பண்டைய ஏழு அதிசயங்களில் ஒன்று.

• அந்த விளக்கம் ஒரே நாளில் விழவில்லை. 956, 1303, 1323 நிலநடுக்கங்கள் படிப்படியாகச் சிதைத்தன. 1326-ல் பார்த்த இபின் பதூதா, 1349-ல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியாத அளவுக்கு இடிந்துகிடந்ததை எழுதினார். அதே இடத்தில் மம்லூக் சுல்தான் காயித்பே 1477-ல் கோட்டை கட்டினார். 1994 முதல் கடலடி அகழாய்வில் பெரும் கற்களும் சிலைகளும் கிடைத்துவருகின்றன.

• கி.மு. 30: கிளியோபாட்ரா 7 மரணம். எகிப்து ரோமின் மாகாணமானது. ரோமுக்குத் தானியம் ஏற்றும் வாசல் இதுவே.

• கி.பி. 365 ஜூலை 21: கிரீட் அருகே நிலநடுக்கம், தொடர்ந்து ஆழிப்பேரலை. முதலில் கடல் உள்வாங்கியது. மீன் பொறுக்கச் சிலர் இறங்கினார்கள். திரும்பிய அலை கப்பல்களைக் கூரைகள் மேல் ஏற்றியது. பதிவு செய்தவர் அம்மியானஸ் மார்செலினஸ். ஆழிப்பேரலையின் வரிசை மாறாத வருணனைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று இது.

• 415: கணித அறிஞர் ஹைபேஷியா கும்பலால் கொல்லப்பட்டார். 619: சாசானியப் பாரசீகர் கைப்பற்றினர். 641–642: அம்ரு இப்னு அல்-ஆஸ் தலைமையில் அரபியர், தலைநகர் ஃபுஸ்தாத்துக்கு (இன்றைய கெய்ரோ பகுதி) மாறியது. 828: தூய மாற்குவின் எச்சங்களை வெனிஸ் வணிகர்கள் எடுத்துச் சென்றனர். 1365: சைப்ரஸ் மன்னர் பீட்டரின் சிலுவைப்படை சூறையாடியது. 1517: உஸ்மானியர்.

• 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டை வந்தது இங்கே ஏன்? மிளகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் செங்கடல்–அலெக்சாண்டிரியா–வெனிஸ் பாதைக்கு நிலையான போட்டி முளைத்தது.

• 1856: கெய்ரோ–அலெக்சாண்டிரியா ரயில்பாதை நிறைவு; ஆப்பிரிக்காவின் முதல் ரயில்பாதை. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏற, எகிப்தியப் பருத்தியும் அதை ஏற்றுமதி செய்த இந்த ஊரும் கொழித்தன. 1882 ஜூலை 11: உராபி கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் கடற்படை நகரைக் குண்டுவீசித் தாக்கியது.

• 1942: மேற்கே ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் எல் அலமெய்ன் போர். இந்தியப் படைப்பிரிவுகளும் போரிட்டன.

• 1944 அக்டோபர் 7: அலெக்சாண்டிரியா உடன்படிக்கை. 1945-ல் அமைந்த அரபு லீக்கின் அடித்தளம்.

• ஜூலை 26 என்ற தேதி இரண்டு முறை வருகிறது. 1952-ல் மன்னர் ஃபாரூக் ராஸ் எல்-தீன் அரண்மனையிலிருந்து கப்பலேறி நாடு விட்டுப் போனார். 1956-ல் இதே நகரின் மன்ஷியா சதுக்கத்தில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். உரையில் கால்வாய் கட்டிய 'டி லெசெப்ஸ்' பெயரைச் சொல்வதே கால்வாய் நிறுவன அலுவலகங்களைக் கைப்பற்றக் காத்திருந்தோருக்கான சங்கேதம். தவறிவிடக் கூடாதென்று பெயரைப் பலமுறை சொன்னார். நாசர் பிறந்த ஊரும் இதுவே (1918).

அறிவுலகம்

• மியூசியான் என்பது ஆய்வுக்கூடம். நூலகம் அதோடு சேர்ந்தது. யூக்ளிட் (வடிவியல்), ஹெரோஃபிலஸ் (உடற்கூறு), ஹீரோ (நீராவிக் கருவி) ஆகியோர் இந்நகர மரபினர். ஜூலியன் நாட்காட்டிக்கு சீசருக்கு ஆலோசனை தந்த சோசிஜெனீஸும் இவ்வூரார்தான்.

• எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை அளந்த முறை: கோடைக் கதிர்த்திருப்ப நாளில் சையீனில் (இன்றைய அஸ்வான்) நண்பகல் சூரியன் நேர் உச்சியில். அதே நேரம் அலெக்சாண்டிரியாவில் நிழல் காட்டிய கோணம் வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 7.2°. இரு ஊர்களுக்கும் 5,000 ஸ்டேடியா. ஐம்பதால் பெருக்க 2,50,000. நீங்களே சரிபார்க்கலாம்: 31.2-லிருந்து அஸ்வானின் அட்சமான 24.1-ஐக் கழித்தால் 7.1. இரு ஊர்களும் ஒரே தீர்க்கத்தில் இல்லை, அஸ்வான் சுமார் 3° கிழக்கே இருக்கிறது. ஆனாலும் விடை வியக்கும்படி நெருங்கிவந்தது.

• நூலகத்தை எரித்தவர் யார் என்று ஒற்றை விடை கேட்பது நேர்மையான கேள்வியே அல்ல. கி.மு. 48-ல் சீசர் வைத்த தீயில் ஒரு பகுதி, கி.பி. 272 அளவில் ஆரீலியன் காலச் சண்டையில் அரண்மனைப் பகுதி, 391-ல் செராபியம் கோயில் இடிப்பு, இடையில் நீண்ட காலப் புறக்கணிப்பு என்று எழுதுங்கள். கலீஃபா உமர் ஆணையிட்டு நூல்களைக் குளியலறை அடுப்பில் எரித்தார்கள் என்ற கதை, நடந்ததாகச் சொல்லப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே ஏட்டில் வருகிறது, வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

• பிப்ளியோதெகா அலெக்சாண்டிரினா: 2002 அக்டோபர் 16-ல் திறக்கப்பட்ட புதிய நூலகம். கடலை நோக்கிச் சாய்ந்த வட்டக் கூரை. அஸ்வான் கருங்கல் சுவரில் உலக எழுத்துகள். வடிவமைப்பு நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம்.

முசிறியிலிருந்து அலெக்சாண்டிரியா வரை

• வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ், கி.பி. 2-ஆம் நூற்றாண்டு (கி.மு. அல்ல). ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த கங்கைப் பகுதி நறுந்தைலப் பொருள், யானைத் தந்தம் ஆகியவற்றின் மதிப்புக் கணக்கு. சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் காப்டோஸ் வந்து, அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாண்டிரியாவின் அரசுக் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே வரி 25 விழுக்காடு. கால் பங்கை வரியாகக் கட்டியும் லாபம் நின்றது என்றால் நம் மிளகின் விலையை ஊகித்துக்கொள்ளலாம்.

• போகும் வழியை பிளினி எழுதியிருக்கிறார். அலெக்சாண்டிரியாவின் அருகிலிருந்து காப்டோஸ் வரை நைலில் 12 நாள். எதிரோட்டத்தில் படகைத் தள்ளுவது மேலே சொன்ன எடீசியன் காற்று. காப்டோஸிலிருந்து பெரனிகே வரை ஒட்டகத்தில் இன்னொரு 12 நாள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில். செங்கடல் வாயிலைத் தாண்டியதும் தென்மேற்குப் பருவக்காற்று, 40 நாளில் முசிறி. ஒரே கோடையில் வீசும் இரண்டு காற்றுகளைக் கோத்துக் கட்டிய வணிகம்.

• தொல்லியல் சான்று: பெரனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் 7 கிலோவுக்கும் மேல் மிளகு. குசேர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்ற தமிழ் பிராமி எழுத்துப் பொறிப்பு. இரண்டும் செங்கடல் துறைகள். அலெக்சாண்டிரியாவில் கிடைத்ததாக எழுதிவிடாதீர்கள்.

• அலெக்சாண்டிரியாவிலிருந்த கிளாடியஸ் தாலமியின் 'புவியியல்' நூலில் மதுரை, கொற்கை, கருவூர், காவிரிப்பூம்பட்டினம் எல்லாம் சற்றே மாறிய ஒலியில் இடம்பெறுகின்றன. 6-ஆம் நூற்றாண்டின் காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்டெஸ் இதே ஊர் வணிகர். இலங்கையைப் பற்றி எழுதியவர்.

பெயரால் மயங்கும் இடங்கள்

• கிளாடியஸ் தாலமி (கி.பி. 2) வானியலாளர், தாலமி வம்சத்து மன்னர் அல்ல.

• அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் வரும் 'துரமாய' தாலமி 2. அதே வரியில் வரும் 'அலிகசுந்தர' மாவீரன் அலெக்சாண்டர் அல்ல. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எபிரஸ் மன்னர் என்பது பெரும்பான்மைக் கருத்து.

• 'பாம்பேயின் தூண்' பாம்பே நிறுத்தியதல்ல. டயோக்ளீஷியன் பேரரசருக்காக கி.பி. 300 அளவில் எழுந்தது. அஸ்வான் செங்கருங்கல், சுமார் 27 மீட்டர்.

• 'கிளியோபாட்ராவின் ஊசிகள்' மூன்றாம் துத்மோஸ் காலத்தவை, கிளியோபாட்ராவுக்கு 1,400 ஆண்டு முந்தியவை. அகஸ்டஸ் காலத்தில் ஹீலியோபோலிஸிலிருந்து இங்கே வந்தன. ஒன்று 1878-ல் லண்டனிலும் மற்றொன்று 1881-ல் நியூயார்க்கிலும் நிறுத்தப்பட்டன.

• ரொசெட்டா கல் கிடைத்தது 1799-ல் ரஷீதில். அது பிரிட்டிஷார் கைக்கு மாறியது 1801 அலெக்சாண்டிரியா சரணாகதி ஒப்பந்தத்தால்.

• மிலிந்த பன்ஹா நூலில் மினாண்டர் பிறந்ததாகச் சொல்லப்படும் 'அலசந்தா' எகிப்திய நகரம் அல்ல என்பதே பொதுவான கருத்து. காபூலுக்கு வடக்கே, இந்துகுஷ் அடிவாரத்தில் அலெக்சாண்டர் அமைத்த அதே பெயருள்ள வேறொரு ஊர். அலெக்சாண்டர் தன் பெயரில் ஊர் வைப்பதில் கை தாராளம்.